இத்தா வீட்டின் சாவி

லுத்பியா சமையலறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அப்போது முன்கதவின் பூட்டுக்குள் யாரோ சாவி போட்டார்கள்.

கதவைத் தட்டவில்லை. சலாம் சொல்லவில்லை. சாவி உள்ளே நுழைந்தது, கொஞ்சம் சிக்கியது, பிறகு திரும்பியது. அது பழைய பூட்டு. கதவைத் தன் பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினால்தான் வழிக்கு வரும். பாஹிமுக்கு அது கைப்பழக்கம். இப்போது வந்த கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆனால் சாவி சரியான சாவிதான்.

கதவு தள்ளப்பட்டது. உள்ளே போட்டிருந்த இரும்புத் தாழ்ப்பாள் அதைப் பிடித்து நிறுத்தியது. ஒருகாலத்தில் பக்கத்து ஒழுங்கையில் களவு போனதற்காக பாஹிம் வாங்கி வந்து பூட்டிய தாழ்ப்பாள் அது. "ஜெயிலுக்குப் போடுறதக் கொண்டு வந்தீக்கீங்க" என்று அவள் சிரித்திருந்தாள்.

ஈரக் கையோடு நடையில் வந்து நின்றாள். கதவின் அடியில் வெளிச்சக் கீற்று. அந்தக் கீற்றில் ஒரு சோடி பழுப்புச் சப்பாத்து, பளபளவென்று துடைத்தது. பக்கத்தில் ஒரு சோடி நீல ரப்பர் செருப்பு.

"உள்ளுக்கால கொண்டி போட்டீக்கி" என்றது சப்பாத்து.

ஆள் இருக்கிறதோ என்று சிங்களத்தில் கேட்டது செருப்பு. சாவி வெளியே உருவப்பட்டது. நான்கு கால்களும் கீற்றிலிருந்து விலகிப் போயின.

கதவைத் திறந்து யாரென்று கேட்க அவளால் முடியாது. பாஹிம் மௌத்தாகி மூன்று கிழமைதான் ஆகியிருந்தது. கணவனை இழந்தவள் நான்கு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருக்க வேண்டும். அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. வெள்ளைச் சேலையும் மூடிய யன்னலுமாக இருப்பவளுக்கு வெளியுலகம் என்பது குரலும் காலும்தான். அந்தக் குரல் தெரிந்த குரல்போல இருந்தது. சத்தியம் பண்ணிச் சொல்லமாட்டாள்.

வீட்டுக்குச் சாவி இரண்டுதான். ஒன்று அவளுடைய தலையணைக்குக் கீழே இருக்கிறது. மற்றது, பாஹிமுடைய சிவப்பு நூல் கட்டிய சாவி, எங்கே என்று அவள் அதுவரை நினைத்துப் பார்க்கவேயில்லை. மௌத் வீட்டில் யார் சாவியைத் தேடுகிறார்கள்?

இப்போது தேடினாள்.

பாஹிமின் கடைசி நாலு மாதமும் தெமட்டகொடையில் மகள் நுஹாவின் வீட்டில் கழிந்தன. கொட்டாஞ்சேனையிலிருந்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்குவது கஷ்டம் என்று நுஹாதான் கூட்டிக்கொண்டு போனாள். லுத்பியாவும் கூடப் போனாள். பூச்சட்டிக்குத் தண்ணீர் ஊற்றவும் மாலையில் வெளி விளக்கைப் போடவும் சிவப்பு நூல் சாவி பக்கத்து வீட்டு அங்கம்மாவிடம் போனது. பாஹிம் மௌத்தான காலையில், "ஜனாஸா எங்கட ஊட்டிலருந்துதான் போகணும்" என்று லுத்பியா பிடிவாதமாகச் சொன்னாள். முன்னால் போய் வீட்டைத் திறந்து, கூட்டிக் கழுவி, பாய் விரித்து வைக்கவென்று தம்பி சப்ரி ஹெந்தளையிலிருந்து நேரே வந்தான். சாவியை அங்கம்மாவிடம் வாங்கினான். அதுவரை எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் கதை இரண்டாகப் பிரிந்தது.

பின்பக்கச் சுவருக்கு மேலால் அங்கம்மா சொன்னாள்: "தம்பி கையில குடுத்தேன்க்கா. அவரு தெறந்தாரு, நான் கூட்டினேன். அதுக்கப்புறம் நான் சாவியக் கண்ணால பாக்கலீங்க."

தொலைபேசியில் சப்ரி சொன்னான்: "ராத்தா, மையித்தத் தூக்குற நேரமே அங்கம்மாட கையில திருப்பிக் குடுத்திட்டேன். அவக்கு மறந்தீக்கும். இல்லாட்டி மறந்த மாதிரி ஈக்கும்."

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார். யாரென்று தீர்மானிக்க லுத்பியாவுக்கு நெடுநேரம் எடுக்கவில்லை. சப்ரியை அவள்தான் இடுப்பில் தூக்கி வளர்த்தவள். அங்கம்மா நல்லவள்தான், ஆனால் அயல் வீட்டுக்காரி. அதற்குமேல் ஒரு கதையும் இருந்தது. அந்த ஒழுங்கையில் ஒரே சுவரை ஒட்டிய ஐந்து வீடும் ஷிப்லி ஹாஜியாருடையவை. அவருடைய வாப்பா காலத்தில் வாடகைக்கு விட்டவை. ஐந்தையும் இடித்துவிட்டுத் தொடர்மாடி கட்டப் போகிறார் என்று பேச்சு. மூன்று வீட்டுக்காரர்கள் ஏற்கெனவே கொடுத்ததை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் லுத்பியாவும் அங்கம்மாவும். அங்கம்மாவின் கணவன் வேலுசாமி சந்தையில் மூட்டை தூக்கும் நாட்டாமி. அவனுக்கு எங்கோ ஒரு வீடு பேசி முடிந்துவிட்டது என்றும் யாரோ சொன்னார்கள். சொன்னது சப்ரி என்பதை அவள் அப்போது யோசிக்கவில்லை.

அடுத்த நாள் சுவருக்கு மேலால் கீரைக் கட்டு நீண்டது. "வேணாம் அங்கம்மா. ஈக்கிது" என்றாள் லுத்பியா.

நீண்ட கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு இறங்கியது.

*

அந்த வெள்ளிக்கிழமை ஹாஜியாரின் மனைவி ஷஹீமா வெள்ளவத்தையிலிருந்து காரில் வந்தாள். கையில் வட்டிலப்பம். இத்தா இருப்பவளைப் பெண்கள் வந்து பார்ப்பது வழக்கம்தான். ஆனால் பாஹிம் படுத்திருந்த காலத்தில் எட்டிப் பார்க்காதவள் இவள்.

"நீங்க இங்க ஈக்கிறீங்க என்டு தெரியாமப் போச்சு லுத்பியா" என்றாள், உட்காரும்போதே. "உங்கட தம்பி ஊட்டுல ஈக்கிறீங்க என்டுதான் நாங்க நெனச்ச."

"இத்தாவ மாப்பிள்ளட ஊட்டுலதானே ஈக்கணும், தாத்தா." வயதில் மூத்த பெண்களை லுத்பியா தாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"அது சரி, அது சரி." ஷஹீமாவின் கண் கூரையைப் பார்த்தது, சுவரின் ஈரத்தைப் பார்த்தது, பாஹிமின் சட்டை தொங்கும் ஆணியைப் பார்த்தது. "ஆனா தனியா ஈக்க ஏலுமா? கூரையும் ஒழுகுது. எங்கட ஊட்டு மேல்மாடி சும்மாதான் ஈக்கிது. கடல் காத்து. ஏஸியும் ஈக்கி. மிச்ச இத்தாவ அங்க வந்து ஈங்களே. எனக்கும் நன்மை கெடைக்கும்."

பாம்பென்று அடிக்கவும் முடியாது, பழுதையென்று மிதிக்கவும் முடியாது. வட்டிலப்பம் நல்ல வட்டிலப்பம், ஏலம் மணந்தது. லுத்பியா நன்றி சொன்னாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள். ஷஹீமா போன பிறகு வட்டிலப்பத்தைத் தொடாமல் மூடி வைத்தாள். பின்னேரம் மனம் கேளாமல் ஒரு துண்டு சாப்பிட்டாள். ருசியாகத்தான் இருந்தது. அதுவே இன்னும் சந்தேகத்தைக் கொடுத்தது.

அந்த மாத வாடகையைச் சப்ரி ஹாஜியாரிடம் கொண்டுபோனான். திரும்பி வந்து, "இத்தா முடியட்டும், இப்ப என்ன அவசரம் என்டு செல்றாரு" என்றான். வாடகை என்றால் முதலாம் திகதியே ஆளனுப்புகிறவர் ஹாஜியார்.

நுஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நுஹா, தன்னோடு படித்த நிஷாந்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். நிஷாந்தி புதுக்கடை நீதிமன்றத்தில் சட்டத்தரணி, வெள்ளவத்தையில் இருப்பவள். பெண் என்பதால் திரை இல்லாமல் உட்கார்ந்து பேச முடிந்தது. ஒரு தேத்தண்ணி முடியும்வரை அவள் கேள்வி மட்டுமே கேட்டாள். சாமான் எல்லாம் எங்கே இருந்தது? ஜனாஸா எங்கிருந்து போனது? ஹாஜியார் வந்தாரா?

"வந்தாரு. வாசல்ல கதிரை போட்டு உக்காந்து ஈந்தாராம்" என்றாள் லுத்பியா.

"நல்லது அன்ரி. பழைய வாடகை வீடுகளுக்குச் சட்டத்தில பாதுகாப்பு இருக்கு. வாடகைக்காரர் செத்துப்போனா வீடு தானா உரிமையாளருக்குப் போகாது. கடைசி மூண்டு மாசமும் அவரோட ஒரே குடும்பமா இருந்த மனுசிக்கு வாடகை உரிமை வரும். தெமட்டகொடையில வச்சுப் பாத்தனீங்கள் எண்டதால அது இல்லாமப் போகாது. வருத்தக்கார மனுசனோட நிக்காமல் வேற எங்க நிக்கிறது?"

"அப்ப அவரு என்னத்துக்கு இந்தப் பாடு படுறாரு?"

"அதுதான் சாவி." நிஷாந்தி கோப்பையைக் கீழே வைத்தாள். "கோர்ட் கட்டளை இல்லாமல் உங்களை எழுப்ப ஏலாது, அது அவருக்கும் தெரியும். ஆனா வாடகைக்காரரே வீட்டை விட்டிட்டுச் சாவியையும் தந்திட்டுப் போட்டினம் எண்டால் எழுப்ப வேண்டிய தேவையே இல்லையே. சாவியக் குடுக்கிறது வீட்டை ஒப்படைக்கிற மாதிரி எண்டு சொல்லுவினம். யார் குடுத்தது, உங்களிட்டக் கேட்டுக் குடுத்ததா, அதைக் குடுத்த ஆள்தான் வந்து சொல்ல வேணும். வாடகைய அவர் எடுக்காட்டிலும் நீங்கள் குடுக்காமல் விடாதேங்கோ. பதிவுத் தபாலில அனுப்புவம். திருப்பினா மாநகர சபையில கட்ட வழி இருக்கு. வாடகைச் சபைக்கு நான் எழுதுறன்."

எழுந்து போகும்போது வாசலில் நின்று சொன்னாள்: "ஒண்டு மட்டும் அன்ரி. இந்த வீடு ஒரு நாளும் வெறும் வீடாக் கிடக்கக் கூடாது. உள்ளுக்க இருந்து வழக்காடுறது வேற. வெளியில நிண்டு வழக்காடுறது வேற."

இத்தா முடியும்வரை அந்தப் பயம் இல்லை என்று லுத்பியா நினைத்துக்கொண்டாள். வெளியே போகக் கூடாதவளை யார் வெளியே எடுப்பது?

*

இரண்டாம் முறை ஷஹீமா வந்தபோது பலகாரம் இல்லை. முகத்தில் கொஞ்சம் கடுப்பு ஏறியிருந்தது. தபாலில் போன வாடகை கிடைத்திருக்க வேண்டும்.

"லோயர்ட்ட எல்லாம் போய் ஈக்கிறீங்களாம்" என்றாள். "எங்களுக்கு மனவருத்தம் லுத்பியா. நாங்க ஒங்கள ரோட்டுல போடவா போறம்? பேச்சு மாறினது நீங்க. அண்டைக்குச் சாவியத் தந்திட்டு, இப்ப இல்லை என்டு செல்றது சரியா?"

"நான் சாவி தரல்லயே, தாத்தா."

"நீங்க என்டு நான் செல்லல்லயே. உங்கட தம்பிதான். ஜனாஸாவ எடுத்த கையோட எங்கட ஹாஜியார்ட கையில வச்சாரு. 'ராத்தா எங்கட ஊட்டுக்குத்தான் வருவா, இனி இங்க ஒத்தரும் இல்ல' என்டு. வாசல்ல வச்சு. பள்ளி மோதின்ட மனைவியும் பாத்துக்கொண்டு ஈந்தா, கேட்டுப் பாருங்க."

லுத்பியா தண்ணீர் எடுத்து வருவதுபோல் எழுந்து சமையலறைக்குப் போனாள். அங்கே குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றாள். பின்சுவருக்கு அப்பால் அங்கம்மா தேங்காய் துருவும் சத்தம் கேட்டது.

சப்ரியிடம் கேட்டிருக்கலாம். பலமுறை தொலைபேசியை எடுத்தாள், வைத்தாள். கேட்டால் அவன் இன்னொரு பொய் சொல்வான், சொல்லாவிட்டால் அழுவான். இரண்டையும் தாங்க அவளுக்கு அப்போது தெம்பு இல்லை. அவன் பேசும்போது கேட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். ஒருவனை நம்பாமல் கேட்கத் தொடங்கினால் எவ்வளவு கேட்கிறது என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "உங்கட நல்லதுக்குத்தான் ராத்தா" என்ற சொல் ஒவ்வொரு அழைப்பிலும் வந்தது. முன்னரும் வந்திருக்க வேண்டும்.

மழை தொடங்கிய ஒரு காலையில் சுவர் ஓரம் போய் நின்றாள். "அங்கம்மா, கீரை ஈக்கிதா?"

மறுபக்கத்தில் தேங்காய்ச் சத்தம் நின்றது. "இப்பத்தான் வேணுமா இருக்கோ?"

"ஓம். இப்பத்தான்."

"சாவி கெடைச்சிருச்சா?"

"எங்க ஈக்கிதென்டு தெரிஞ்சிது. உங்ககிட்ட இல்லை."

கொஞ்சம் கழித்து வல்லாரைக் கட்டு ஒன்று சுவருக்கு மேலால் விழுந்தது. கொடுத்தது அல்ல, எறிந்தது. லுத்பியா குனிந்து பொறுக்கிக்கொண்டாள்.

"நாலு மாசமா தண்ணி ஊத்தினேன் அக்கா" என்றது சுவர். "ஒரு செடி சாகல. அதயாவது நெனச்சிருக்கலாம்."

"நெனைக்கல்ல. என்ட பிழை." கீரையை உதறிக்கொண்டு கேட்டாள்: "உங்களுக்கு ஊடு பேசியாச்சு என்டு செல்றாங்களே?"

"யாரு சொன்னது? ஹாஜியார் ஆளுங்க கேட்டாங்க. எங்க வீட்டுக்காரரு, சந்தைக்கு நடந்து போற தூரத்துல குடுங்க, யோசிக்கிறோம்னாரு. அன்னையிலருந்து ஆளக் காணோம்."

*

இத்தா முடிகிற நாளை யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மௌத்தான நாள் தெரிந்த எவரும் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். அன்றைக்கு இத்தா இருந்தவளைக் குளிக்க வைத்து, நிறச் சேலை உடுத்தி, உறவுக்காரர் ஒரு வீட்டுக்குச் சாப்பாட்டுக்குக் கூட்டிப் போவார்கள். வீடு பகல் முழுதும் வெறுமையாக இருக்கும். ஊருக்கே தெரிந்த அந்த நாளின் இன்னொரு பக்கம், சப்ரி அழைப்புக் கொண்டு வந்தபோதுதான் லுத்பியாவுக்குப் பட்டது.

"ராத்தா, பிரியாணி போடுறம். காலையில வேன் வரும். நுஹாவும் புள்ளைகளும் வரட்டும். இரவைக்கும் நின்டுட்டு வரலாம்."

"இரவைக்குமா?"

"கடல் பக்கம் கொஞ்சம் போய் வரலாமே. எவ்வளவு காலம் அடைஞ்சு ஈந்தீங்க."

"சரி. வாரன்" என்றாள்.

அன்றே அவள் அங்கம்மாவிடமும் நுஹாவிடமும் மட்டும் பேசினாள். நுஹா நிஷாந்தியிடம் பேசினாள். தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே இருக்கும்படிதான் நிஷாந்தி சொன்னாளாம். லுத்பியாவுக்கு அது போதவில்லை. தாழ்ப்பாள் போட்டால் சாவி வைத்திருப்பவன் முன்போலத் திரும்பிப் போவான். அவன் கதவைத் திறக்க வேண்டும். திறக்கும்போது நாலு பேர் பார்க்க வேண்டும்.

அந்தக் காலையில் நுஹா அவளுக்கு நீலச் சேலை உடுத்திவிட்டாள். பாஹிம் வாங்கித் தந்தது. லுத்பியா வாசற்படியில் கால் வைத்தபோது வெயில் முகத்தில் அடித்தது. ஒரு கணம் ஒன்றும் தெரியவில்லை. இந்த வாசலால் அவரைத் தூக்கிப் போனபோது அவள் உள்ளறையில் இருந்தாள். கடைசியாகப் போனதை அவள் பார்க்கவில்லை. இப்போது அதே வழியால் இறங்கினாள். கதவைச் சாத்திப் பூட்டினாள். சப்ரி பார்த்துக்கொண்டிருந்தான். பூட்டும்போது வழக்கத்தைவிடச் சத்தம் வரும்படி பூட்டினாள்.

வேன் ஆமர் வீதிச் சந்தி தாண்டி நெரிசலில் நின்றபோது நுஹாவின் தொலைபேசியில் அங்கம்மாவின் மிஸ்ட் கோல் ஒன்று விழுந்து நின்றது. நுஹா தாயைப் பார்த்தாள்.

"வேனத் திருப்பு" என்றாள் லுத்பியா.

"என்ன ராத்தா, ஏதாச்சும் மறந்தா?"

"ஓம். ஒரு சாமான் மறந்திட்டு வந்திட்டேன்."

"சாப்பாடு ஆறிப் போகும். பின்னேரம் எடுக்கலாமே." சப்ரியின் குரல் இறங்கியது. கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தான். வேனுக்குள் ஏஸி ஓடிக்கொண்டிருந்தது.

"நீ திருப்புறியா, நான் எறங்கி நடக்கவா?"

வேன் திரும்பியது.

ஒழுங்கைக்குள் நுழையும்போதே ஆட்கள் தெரிந்தார்கள். கோயிலுக்குப் போய் வந்த பெண்கள் இருவர், எதிர்க் கடைக்காரர், தோளில் துண்டோடு வேலுசாமி, அவனுடன் மூட்டை தூக்கும் இரண்டு பேர். கதவு திறந்து கிடந்தது. வாசற்படியில் கதவுக்குப் போடப் புதிய இரும்புப் பூட்டு ஒன்றோடு நீல ரப்பர் செருப்பு போட்ட ஒருவன் நின்றான். உள்ளே, கூடத்தின் நடுவில், பழுப்புச் சப்பாத்து. ஷிப்லி ஹாஜியார் மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டிருந்தார்.

அவருக்கு எதிரே, பின்கதவால் வந்திருந்த அங்கம்மா பலகையில் உட்கார்ந்து கருவாட்டுத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். வீடு முழுதும் அந்த மணம்.

"நானும் சொல்லிப் பாக்குறேங்க" என்று வெளியே நிற்பவர்களுக்கும் கேட்கும்படி அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். "அக்கா வெளிய போயிருக்காங்க, ஒக்காருங்கன்னு. ஒக்காரவும் மாட்டேங்கிறாரு, போகவும் மாட்டேங்கிறாரு. கதவத் தட்டியிருந்தா நானே தெறந்திருப்பேனே. என்னத்துக்குச் சாவி போட்டுச் செரமப்பட்டீங்க?"

"நீ யார் இந்த ஊட்டுல ஈக்க?" என்றார் ஹாஜியார். "இது என்ட ஊடு. ஆள் இல்லாத ஊடு."

"அப்ப நானு ஆள் இல்லீங்களா?"

வெளியே யாரோ சிரித்தார்கள்.

லுத்பியா படியேறினாள். இத்தா முடிந்து அவள் முகம் காட்டிய முதல் அந்நிய ஆண் ஷிப்லி ஹாஜியார்தான். அவர் திரும்பி அவளைக் கண்டதும் பழக்கத்தில் பார்வையைத் தாழ்த்தினார். பிறகு, தாழ்த்தியிருக்க வேண்டியதில்லை என்பதுபோல நிமிர்ந்தார்.

"ஊடு உங்கடதுதான் ஹாஜியார்" என்றாள். "வாடகைக்குத் தந்த ஊடு. தந்த ஊட்டுக்குக் கதவத் தட்டித்தான் வாற."

"சாவிய நீங்கதான் தந்த. உங்கட ஆள் தந்தாரு. நாலு மாசமாச் செல்றேன்."

"எந்த ஆள்?"

ஹாஜியார் அவளைத் தாண்டிப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள். சப்ரி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"செல்லு சப்ரி" என்றாள் லுத்பியா. குரலை உயர்த்தவில்லை. "நான் உன்னட்டச் சாவியக் குடுக்கச் சொன்னேனா?"

அவன் தொண்டையைச் செருமினான். "அப்ப நான் நெனச்சது, நீங்க எங்கட ஊட்டுக்கு..."

"நான் சொன்னேனா?"

ஒழுங்கையில் ஒரு மோட்டார் சைக்கிள் ஆட்களை விலக்கிக்கொண்டு போனது.

"இல்ல" என்றான் சப்ரி. "ராத்தா செல்லல்ல. நானாத்தான் குடுத்த. பாத்துக்கொள்ளச் சொல்லித்தான் குடுத்த ஹாஜியார், ஒப்படைச்சு இல்ல."

"ஆ" என்றார் ஹாஜியார். "இப்ப அப்படியா? கடைக் கதையும் இப்ப மறந்து போச்சா?"

சப்ரி வேனின் கதவை இழுத்துச் சாத்தினான். அந்த ஒரு சொல்லில் லுத்பியாவுக்கு மிச்சமும் விளங்கியது. புதிய மாடியின் கீழ்த்தட்டில் ஒரு கடை. புறக்கோட்டை நடைபாதையில் போன் கவர் விற்கிறவனுக்கு ஒரு கடை என்றால் அது சின்ன விஷயம் இல்லை.

அவள் அதைப் பற்றி அங்கே கேட்கவில்லை. கையை நீட்டினாள். "சாவி."

ஹாஜியார் வாசலைப் பார்த்தார். கடைக்காரர் தொலைபேசியை நெஞ்சளவில் பிடித்திருந்தார். படம் பிடிக்கிறாரா பேசுகிறாரா என்று சொல்ல முடியாது. வேலுசாமி துண்டை உதறி மறுதோளில் போட்டான். ஹாஜியார் சாவியை அவள் கையில் வைக்கவில்லை. யன்னல் விளிம்பில் வைத்தார். சிவப்பு நூல் கறுத்துப் போயிருந்தது.

"கோட்டுல பாப்பம்" என்றார்.

"பாப்பம். வாடகை இந்த மாசமும் தபாலுக்குப் போட்டாச்சு."

*

பிரியாணி பின்னேரம் ஹெந்தளையிலிருந்து பெரிய சஹன் தட்டில் வந்தது. சப்ரியே கொண்டு வந்தான். அங்கம்மாவுக்கும் வேலுசாமிக்கும் வேறாக இலையில் எடுத்து வைத்த பிறகு, நுஹாவும் அவனும் லுத்பியாவும் ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். கருவாட்டு மணம் இன்னும் போகவில்லை.

அவன் சாப்பிடவில்லை. தன் பக்கத்துச் சோற்றை விரலால் தள்ளிக்கொண்டிருந்தான்.

"கீழ ஒரு கடை தாரன் என்டாரு" என்றான் கடைசியில். "உங்களுக்கும் கொஞ்சம் சல்லி எடுத்துத் தரலாம் என்டு நெனச்ச. நீங்க எங்களோட ஈந்திருந்தா..."

"இண்டைக்கு அவரு வருவாரு என்டு உனக்குத் தெரியுமா?"

"இத்தா எப்ப முடியுது என்டு கேட்டாரு. எப்ப வெளிக்கிடுவீங்க என்டு கேட்டாரு. செல்லிட்டேன். அவ்வளவுதான் ராத்தா. அல்லாஹ்வுக்காக."

அதை அவள் நம்பினாளா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. இரவும் நிற்கச் சொன்னது யாருடைய யோசனை என்று கேட்கலாம். கேட்கவில்லை. புதுக்கடையிலும் வாடகைச் சபையிலும் இனி எத்தனை முறை ஏறி இறங்க வேண்டுமோ. அங்கே அவன் வந்து அந்த 'இல்ல'வை இன்னொரு முறை சொல்ல வேண்டும். அதற்கு அவன் வேண்டும்.

வாசலில் அங்கம்மா இலையை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தாள். லுத்பியா இடுப்பிலிருந்து சிவப்பு நூல் சாவியை எடுத்தாள். "அங்கம்மா, இது உங்ககிட்ட ஈக்கட்டும். நான் கோட்டுக்குப் போற நாளைல ஊட்டப் பாக்கணும்."

அங்கம்மா அதைக் கொஞ்சம் பார்த்தாள். "காணாமப் போனா மறுபடி கீரை வேணாம்பீங்களே?"

"சொல்ல மாட்டேன்."

"பாப்போம்" என்று சொல்லி, சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு போனாள்.

சப்ரி அந்த முடிச்சு வாசலைத் தாண்டும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராத்தா" என்றான் மெதுவாக, "அத எனக்கிட்டத் தந்திருக்கலாமே. நான்தானே உங்கட தம்பி."

லுத்பியா சஹனின் நடுவிலிருந்த இறைச்சித் துண்டை எடுத்து அவன் பக்கத்துச் சோற்றில் வைத்தாள்.

"சோத்தத் தின்னு" என்றாள்.